காகிதத்தில் ஒரு ஜாவா

"காகிதத்தில் கப்பல் விட்டதுண்டு, காற்றாடி விட்டதுண்டு. மோட்டார் சைக்கிளுமா?"

என் விடுதி அறைக்கு வந்த நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். மேசைமேல் அப்போது நின்றது இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ஜாவா. கருஞ்சிவப்பு உடல்; இரண்டு சைலன்சர்; ஆரக்கம்பிகளோடு கூடிய இரு சக்கரங்கள். தாளும் அட்டையும் பசையும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. நண்பர் தொட்டுப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், "எம்.எஸ்ஸி. படிப்பவருக்கு இவ்வளவு ஓய்வு கிடைக்கிறதா?" என்றும் கேட்டுவைத்தார். அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே விரித்து எழுதுகிறேன். மன்றத்து ஏட்டுக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டுமென்று ஆசிரியர் குழு இரண்டு முறை நினைவூட்டிவிட்டது. அதுவும் ஒரு காரணம்.

முதலில் ஜாவாவைப் பற்றிச் சில சொற்கள். இப்பெயருக்கும் சாவகத் தீவுக்கும் தொடர்பு ஏதுமில்லை. செக்கோஸ்லோவாகியா நாட்டில் 1929-இல் யானெச்செக் என்பவர், வான்டரர் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளைச் செய்யும் உரிமையை வாங்கினார். தம் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் அந்நிறுவனப் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து வண்டிக்குப் பெயர் சூட்டினார். அவ்வண்டி நம் நாட்டுக்கு வந்த கதை மைசூரோடு பிணைந்தது. ஃபரோக் இரானி முதலியோர் தொடங்கிய ஐடியல் ஜாவா நிறுவனத்தின் தொழிற்சாலை மைசூர் யாதவகிரியில் 1961-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. 249 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, ஒரே சிலிண்டர், ஆனால் புகை செல்ல இரண்டு குழாய்கள். வண்டியைக் கிளப்ப உதைப்பதும் அதே நெம்புகோல், கிளம்பியபின் கியர் மாற்றுவதும் அதே நெம்புகோல். இரண்டு கைகள் செய்யும் வேலையை ஒரே கையால் செய்துமுடிக்கும் இல்லத்தரசியின் சிக்கனம் அதில் உண்டு. 1973 முதல் 'எஸ்டி' என்ற பெயரில் வண்டிகள் வந்தன. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018-இல் வேறொரு நிறுவனம் ஜாவா என்ற பெயரை மீண்டும் தெருவுக்குக் கொண்டுவந்தது. அவ்வண்டியின் தோற்றம் பழையது, என்ஜின் புதியது.

இத்தனை வண்டிகள் இருக்க நான் ஏன் ஜாவாவைப் பிடித்துக்கொண்டேன்?

என் கொள்ளுத்தாத்தா குடியாத்தம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கச் சென்றவர். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சாரைசாரையாகத் தமிழர் அங்கே சென்றார்கள். அச்சாரையில் அவரும் ஒருவர். என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் ஓட்டியவர். ஆட்களை ஏற்றிய கூண்டைக் கம்பிவடத்தில் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. பகலெல்லாம் மேலும் கீழுமாகப் பிறரை அனுப்பிவைத்தவர், மாலையில் தாம் முன்னும் பின்னுமாகப் போய்வர 1974-இல் பழைய ஜாவா ஒன்றைப் பெங்களூரில் வாங்கி ஓட்டிவந்தார். "நம்ம லைனுக்கு வந்த மொத மோட்டார் சைக்கிள் அதுதான்" என்று பாட்டி இன்றும் சொல்வார். லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். தங்கவயலாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்த ஆண்டே ஜாவாவும் விலைபோயிற்று. அடுத்த ஆண்டு நான் பிறந்தேன். அப்பா அன்று முதல் மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் வீடு திரும்புபவர். ஆக, எங்கள் வீட்டில் மிகுதியாகப் பேசப்பட்ட பொருள் ஒன்றை நான் ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. எஞ்சியிருப்பது ஒரே ஒரு நிழற்படம், அஞ்சலட்டை அளவு. தாத்தா வண்டிமேல் அமர்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, நம்மைப் பார்க்கிறார்.

அந்த ஒரு படத்திலிருந்து வண்டியின் அளவுகளை எடுக்க முடியுமா? முடியும். இங்கேதான் படித்த படிப்பு கைகொடுத்தது.

அந்த வண்டியின் டயர் அளவு 3.25-16. இதில் பதினாறு என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதாவது ஏறக்குறைய 40.6 சென்டிமீட்டர். படத்தில் ரிம்மின் உயரத்தை அளந்தேன்: 20 மில்லிமீட்டர். எனவே படத்தில் ஒரு மில்லிமீட்டர், வண்டியில் இரண்டு சென்டிமீட்டர். எட்டில் ஒரு பங்கு அளவில் நான் செய்யும் உருவத்தில் அது இரண்டரை மில்லிமீட்டர். ஆனால் ரிம்மின் அகலத்தை அளந்தபோது 18 மில்லிமீட்டர்தான் இருந்தது. வட்டம் ஏன் நீள்வட்டமாயிற்று? படம் பிடித்தவர் வண்டிக்கு நேர்ப் பக்கவாட்டில் நில்லாமல் சற்றுச் சாய்வாக நின்றிருக்கிறார். பதினெட்டை இருபதால் வகுத்தால் 0.9, எந்தக் கோணத்தின் கோசைன் 0.9 என்று பார்த்தால் ஏறக்குறைய 26 பாகை. ஐம்பது ஆண்டுக்கு முன் முகமறியாத ஒருவர் எங்கே நின்று படமெடுத்தார் என்பதைச் சக்கரம் சொல்லிவிட்டது! உயரங்களை அப்படியே எடுத்துக்கொண்டு, நீளங்களை 0.9-ஆல் வகுத்துக்கொண்டேன். அருகிலிருக்கும் முன்சக்கரம் சற்றுப் பெரிதாகவும் பின்சக்கரம் சற்றுச் சிறிதாகவும் விழுந்திருந்தன. அதற்காக இரண்டின் சராசரியை எடுத்துக்கொண்டேன். நான் சொன்ன 20-உம் 18-உம் அந்தச் சராசரிகளே.

சட்டமும், சக்கரமும், இருக்கையும், விளக்கும் இவ்வாறு அளவுக்கு வந்தன. வராமல் போனது பெட்ரோல் டாங்கி. தாத்தாவின் முழங்கால் அதை மறைத்துக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளின் முகமே டாங்கிதான் அல்லவா? முகம் தெரியாதவருக்குச் சிலை வடிக்கும் நிலை எனக்கு.

டாங்கி ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதை அறிய, காகிதத்தின் இயல்பை முதலில் அறிய வேண்டும். காகிதம் வளையும், மடியும், ஆனால் நீளாது. துணியை இழுத்தால் சற்று நீளும்; களிமண்ணை அழுத்தினால் பரவும்; தகட்டைச் சுத்தியலால் தட்டினால் விரியும். காகிதம் இவற்றுக்கெல்லாம் இணங்காது. மிஞ்சி இழுத்தால் கிழியும். கடலைப் பொட்டலத்தை எண்ணிப் பாருங்கள். தட்டையான தாள் ஒரு சுருக்கமும் இல்லாமல் கூம்பாகிறது. நிலப்படத்தைச் சுருட்டினால் உருளையாகிறது. இனி ஒரு தேங்காயை அதே தாளில் சுருக்கம் விழாமல் சுற்றிப் பாருங்கள். முடியவே முடியாது.

இதன் காரணத்தை 1827-இல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் நிறுவிக் காட்டினார். ஒரு பரப்பின்மேல் ஏதேனும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மிக அதிகமாக வளையும் திசை ஒன்று உண்டு. மிகக் குறைவாக வளையும் திசை ஒன்று உண்டு. இவ்விரு வளைவுகளையும் பெருக்கி வரும் எண், பரப்பை இழுக்காமல் கிழிக்காமல் எப்படி வளைத்தாலும் மாறாது என்பது அவர் கண்ட உண்மை. தாமே வியந்து அதற்கு 'சிறப்புமிக்க தேற்றம்' என்று பெயரிட்டார். தட்டைத் தாளில் இரண்டு வளைவும் சுழி, பெருக்கினால் சுழி. உருளையில் சுற்றுவாக்கில் வளைவு உண்டு, நெடுக்குவாக்கில் இல்லை. பெருக்கினால் அதுவும் சுழி. கூம்பிலும் அவ்வாறே. ஆகவே தாள் உருளையாகலாம், கூம்பாகலாம். தேங்காயிலோ எத்திசையிலும் வளைவு உண்டு. பெருக்கினால் சுழி வராது. தாளுக்கு அங்கே இடமில்லை.

இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைச் சுற்றிவந்தால், எது எளிது எது கடினம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். செயின் உறை, கருவிப் பெட்டி, முன்போர்க்கின் குழாய்கள் ஆகியவை உருளையும் தட்டையும் கலந்தவை. ஒரு மாலைப்பொழுதில் முடிந்தன. சிலிண்டரைச் சூழ்ந்த குளிர்விக்கும் தகடுகளைக் காண அச்சமாக இருக்கும். செய்ய மிக எளிது. ஒரே வடிவ அட்டைகளை வெட்டி, இடையிடையே சிறிய வட்டங்களை வைத்து, தோசை அடுக்குவதுபோல் அடுக்கினால் போதும். திருமண அழைப்பிதழ் அட்டைகள் இதற்கு மிக ஏற்றவை. சென்ற தை மாதத்தில் விடுதிக்கு வந்த அழைப்பிதழ்கள் எல்லாம் எங்கே போயின என்று தேடியவர்கள் இப்போது அறிந்துகொள்ளலாம்.

சைலன்சர் குழாய் நேராகப் போகும்வரை உருளை. வளையும் இடத்தில் உருளை அன்று. அங்கே தகரக் குழாய் செய்பவர் கையாளும் வழியே வழி. குழாயைச் சாய்வாகப் பல துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் சற்றுத் திருப்பி ஒட்டினால் வளைவு கிடைக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்பது துண்டுகள் வைத்தேன்.

சக்கரத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. ஆரக்கம்பிகள் மெல்லியவை, அமுக்கினால் வளைந்துவிடும். அவை வண்டியைத் தாங்குவது இழுவிசையால். அச்சை எல்லாக் கம்பிகளும் எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அது நடுவில் நிற்கிறது. காகிதத்தின் இயல்பும் இதுவே: அமுக்கத்துக்கு ஆகாது, இழுவைக்கு வலியது. ஆகையால் மெல்லிய தாளை முறுக்கித் திரித்த முப்பத்தாறு இழைகளை விறைப்பாகக் கட்டியபோது, சக்கரம் உண்மையான சக்கரத்தைப்போலவே நிமிர்ந்து நின்றது. தோற்றத்தில் மட்டும் சக்கரமாக இருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். வேலை செய்யும் முறையிலும் சக்கரமாக இருந்தது எனக்கே வியப்பு.

இனி டாங்கி. முதலில் செய்தது பட்டைபட்டையாக, மூலைகள் துருத்திக்கொண்டு இருந்தது. விடுமுறையில் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது டாங்கியா? எண்ணெய் டின்னுடா இது" என்றார்.

"போட்டோவுல மறைஞ்சிருக்கேப்பா, நான் எப்படிப் பார்ப்பேன்?"

"எனக்குப் பார்க்கவே வேணாம். சின்னப் புள்ளையா அதுமேலதான என்னை உக்கார வச்சு ஓட்டிட்டுப் போவாரு. முன்னாடி நல்லா உப்பியிருக்கும். கை வழுக்கும்."

'கை வழுக்கும்' என்ற சொல்லை அளவுகோலால் அளக்க முடியவில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, ஜாவா, எஸ்டி வண்டிகளை வைத்திருப்போர் பெங்களூரில் ஒன்றுகூடுவது வழக்கம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே சென்றேன். நல்ல நிலையிலிருந்த பழைய ஜாவா ஒன்றின் உரிமையாளரிடம், "ஐயா, உங்கள் டாங்கியில் செய்தித்தாளைச் சுற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தவர், வண்ணத்தைக் கீறாமல் இருந்தால் சரி என்றார்.

செய்தித்தாளை டாங்கியின்மேல் விரித்துக் கையால் நீவிக்கொண்டே வந்தேன். பக்கவாட்டில் தாள் தோலைப்போல் படிந்தது, அங்கே உருளை. மூக்குப் பகுதியில் சுருக்கங்கள் கிளம்பின, அங்கே தேங்காய். பின்னே இருக்கையை நோக்கிக் குறுகும் இடத்தில் சுருக்கம் இல்லை. தாள் விறைத்து ஓரத்தில் கிழிந்தது. அங்கே பரப்பு ஒரு திசையில் மேடாகவும் மறு திசையில் பள்ளமாகவும், குதிரைச் சேணம்போல் வளைகிறது. தாள் அங்கே மிஞ்சவில்லை, போதாமல் போகிறது. மிஞ்சிய இடத்தை நீலப் பென்சிலாலும், போதாத இடத்தைச் சிவப்புப் பென்சிலாலும் குறித்துக்கொண்டு வந்தேன். காஸ் சொன்ன எண், அன்று காலைச் செய்தித்தாளின்மேல் சுருக்கமாகவும் கிழிசலாகவும் எழுதப்பட்டிருந்தது.

அப்பா சொன்னது சரிதான். முன்பக்கம் நன்றாக உப்பியிருந்தது.

உப்பிய இடத்தைத் தாளால் செய்வது குடை செய்பவரின் வித்தை. குடையை விரித்துப் பாருங்கள்: எட்டு முக்கோணத் துண்டுகள் சேர்ந்து ஒரு கவிகை ஆகின்றன. துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு திசையில்தான் வளைகின்றன. சேர்ந்து நிற்கும்போது உருண்டைபோல் தோன்றுகின்றன. எத்தனை துண்டுகள் வைத்தால் கண்ணை ஏமாற்றலாம்? என் டாங்கியின் மூக்கை 20 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் பகுதி என்று கொண்டேன். முழுச்சுற்றுக்கு எட்டுத் துண்டு வைத்தால், உண்மையான கோளத்திலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை விலகல் வரும். பதினாறு வைத்தால் 0.4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இருபத்துநான்கு வைத்தால் 0.17. துண்டுகளை இரட்டித்தால் பிழை நான்கில் ஒன்றாகக் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். நான் பயன்படுத்திய அட்டையின் தடிப்பே 0.25 மில்லிமீட்டர். தடிப்பைவிடச் சிறிய பிழையைத் திருத்திப் பயனில்லை, இருபத்துநான்கோடு நிறுத்திக்கொண்டேன். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு துண்டின் முதுகையும் மெல்லத் தேய்த்து வளைத்து, வெள்ளைப் பசையால் உள்ளிருந்து ஒட்டினேன். மூன்று டாங்கிகள் குப்பைக்குப் போயின. நான்காவது நின்றது.

இவ்வளவு பாடு ஏன், காகிதக் கூழால் வார்த்துவிடலாமே என்று கேட்கலாம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும், புதுவைத் திருக்கனூர்ப் பொம்மைகளும் அவ்வழியில் பிறப்பவை. கூழுக்குத் தட்டையான பிறப்பு இல்லை. ஆகவே காஸின் விதி அதைக் கட்டுப்படுத்துவதில்லை. அழகிய கலை அது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வேறு. வடிவத்தை எங்கிருந்தாவது கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் தாளில் உண்டு. ஜப்பான் நாட்டு யமஹா நிறுவனம் தன் மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றைத் தாளில் வெட்டி ஒட்டுவதற்கான வரைபடங்களை விலையின்றி வழங்கிவந்தது. 2018-இல் அதை நிறுத்திக்கொண்டது. அந்த வரைபடங்களில் ஒன்றைப் பள்ளிப் பருவத்தில் பாதி செய்து கைவிட்டவன் நான். இன்று கணினியில் முப்பரிமாண உருவம் ஒன்று இருந்தால், அதைத் தட்டையாக விரித்துத் தரும் நிரல்களும் உள்ளன. ஆனால் கணினிக்குக் கொடுக்க எங்கள் வண்டியின் உருவம் யாரிடம் இருக்கிறது?

ஒட்டி முடித்த வண்டியைச் சென்ற மாதம் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அப்பா ரயிலைவிட்டு இறங்கி வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து டாங்கியைத் தடவினார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எடது பக்கம் நசுங்கல் எங்க?" என்றார்.

"நசுங்கலா?"

"மொட்டிக்குப் பக்கத்துல ஒரு நசுங்கல் இருந்துச்சு. ஏழு வயசுல நான்தான் ஸ்டாண்டுலருந்து தள்ளிவுட்டேன். லைன் பசங்க யாரோ பண்ணிட்டாங்கன்னு உங்க தாத்தா கடைசிவரைக்கும் திட்டிக்கிட்டே இருந்தாரு. நான் சொல்லவேயில்ல."

மொட்டி என்றால் எங்கள் பக்கத்தில் முழங்கால். நிழற்படத்தில் தாத்தாவின் கால் மறைத்திருப்பதும் அந்த இடத்தைத்தான். அவர் 2009-இல் காலமானார்.

தகட்டில் நசுங்கல் விழும்போது உலோகம் நீள்கிறது; நீளாத தாளில் அது எப்படி விழும்? இதற்கும் வழி உண்டு. பந்தின் ஒரு பகுதியை உட்புறம் அமுக்கினால் அது அப்படியே புரண்டு கிண்ணமாகிறது அல்லவா? புரண்ட பகுதியின் வளைவுகள் இரண்டும் குறி மாறுகின்றன; எதிரையும் எதிரையும் பெருக்கினால் பழைய எண்ணே வருகிறது. ஆகவே, புரளும் விளிம்பில் மட்டும் ஒரு மடிப்பை ஏற்றுக்கொண்டு, தாள் நீளாமல் நசுங்கும். பேனாவின் பின்முனையால் அந்த இடத்தை மெல்ல அழுத்தினேன். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றார் அப்பா. அடுத்த அழுத்தத்தில் 'டிக்' என்று ஒரு சிற்றொலி, நசுங்கல் விழுந்துவிட்டது.

இன்னும் முடியாதது முன் மட்கார்டு. அதுவும் இரு திசையிலும் வளைவது. நிழற்படத்தில் அதன் விளிம்பு வெயிலில் வெளுத்துப்போயிருக்கிறது. ஜூலை கூட்டத்தில் டாங்கியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை அளக்க மறந்தேன். நம் மன்றத்து நண்பர்களில் யார் வீட்டிலேனும் 1973-க்கு முந்திய ஜாவா தூசி படிந்து நின்றால் எனக்குச் சொல்லுங்கள். ஒரு பழைய செய்தித்தாளோடும் இரண்டு பென்சில்களோடும் வருகிறேன், வண்ணத்தைக் கீறமாட்டேன்.